கன்னியாத் தண்ணீர் எவ்வளவு ஆழம் போய் வந்தது?

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிய ஓர் அறிக்கையில் ‘ஜியோதெர்மல் கிரேடியன்ட்’ என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன, கீழே எரிமலை ஏதும் கிடக்கிறதா என்று உப்புவெளியில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எரிமலை இல்லை. இலங்கையின் பெரும்பகுதி, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பே இறுகி உருமாறிப்போன பழம் பாறை. சூட்டுக்குக் காரணம் அந்த கிரேடியன்ட்தான், அதாவது நிலத்துக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும் வீதம்.

சாதாரண தரக் கணிதத்தில் நேர்கோட்டுக்குப் படித்திறன் கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அதேதான். இவ்வளவு தூரம் போனால் இவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு. மாறுவது உயரமாக இருந்தால் ரோட்டின் ஏற்றம். காற்றழுத்தமாக இருந்தால் அது காற்றை ஓட்டும்: 1964 டிசம்பரில் நம் கரையைத் தாக்கியது போன்ற சூறாவளிகளில், நடுவை நோக்கி அழுத்தம் செங்குத்தாக இறங்குவதால்தான் கூரைகள் பறக்கின்றன.

படித்தவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கிரேடியன்ட் கூட என்றால் சூடு கூட என்று நினைத்துவிடுகிறார்கள். நம் கடலையே பாருங்கள். மேல்தண்ணீர் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும், 1000 மீற்றர் ஆழத்தில் 6, 7 பாகைதான். ஆனால் அந்த இறக்கத்தில் பாதிக்கு மேல் முதல் 200 மீற்றருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தண்ணீர் கடும் குளிர், கிரேடியன்டோ மிகச் சிறியது. எவ்வளவு சூடு என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது வேறு கேள்வி.

சரி, நிலத்துக்கு வருவோம். பூமி உருவான காலத்து வெப்பத்தில் மிச்சம், யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் கதிர்த்தொழிற்பாட்டில் பிறக்கும் வெப்பம் இரண்டும் சேர்ந்து வெளியே கசிந்துகொண்டிருக்கின்றன. அதனால் கண்டங்களில் பொதுவாக ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 25 முதல் 30 பாகை ஏறும். இடத்துக்கு இடம் இது மாறும். ரஷ்யாவின் கோலாவில் 12,262 மீற்றர் வரை துளைத்தார்கள். அடியில் 180 பாகை. கிலோமீற்றருக்கு 15 பாகைகூட வரவில்லை.

கன்னியாக் கிணறுகள் ஏறக்குறைய 40 பாகை. சாதாரணக் கிணற்றுத் தண்ணீரைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகை அதிகம். அதைக் கிலோமீற்றருக்கு 25 பாகையால் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் ஆழம் வருகிறது. ஆள் ஆழம்கூட இல்லாத கிணறுகளில் அரைக் கிலோமீற்றருக்குக் கீழே இருந்து வந்த தண்ணீர்! மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே மெல்ல இறங்கி, கீழே சூடாகி, ஒரு நல்ல பிளவு கிடைத்ததும் ஆறுவதற்குள் வேகமாக ஏறிவிடுகிறது. மெதுவாக ஏறினால் வழியிலுள்ள பாறை சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும், நமக்குக் கிடைப்பது வெறும் கிணற்றுத் தண்ணீர்தான்.

ஆனால் அரைக் கிலோமீற்றர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. ஏறும்போது கொஞ்சம் ஆறியிருக்கும், மேலே வந்து சாதாரண நிலத்தடி நீரோடும் கலந்திருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே மாதிரி இல்லாததற்கு இந்தக் கலப்பே பெரும் காரணமாக இருக்க வேண்டும். அப்படியானால் தண்ணீர் கீழே உண்மையில் எவ்வளவு சூடாக இருந்தது? துளைக்காமல் அதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வித்தை இது.

பாறையில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்கிறது, சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த சிலிக்காவால் ஆனது. அதிலிருந்து சிலிக்கா தண்ணீரில் கரையும், எவ்வளவு கரையும் என்பதைச் சூடு தீர்மானிக்கும். 25 பாகையில் லீற்றருக்கு 6 மில்லிகிராம் அளவு. 100 பாகையில் 48. 150 பாகையில் 125. ஆழத்தில் தண்ணீர் பாறையோடு நீண்ட காலம் கிடப்பதால், அந்தச் சூட்டுக்கு உரிய அளவு முழுவதும் கரைந்துவிடும். பிறகு தண்ணீர் மேலே ஏறி ஆறுகிறது. கணக்குப்படி மிச்சச் சிலிக்கா திரும்பப் படிந்துவிட வேண்டும். படிவதில்லை! கொதிநீரில் அள்ளிப் போட்டுக் கரைத்த சீனி, பாகு ஆறிய பிறகும் உடனே கட்டிபடாமல் நிற்பது போலத்தான். குவார்ட்ஸ் படிகமாக வளர, சிலிக்கன் அணுவும் ஒட்சிசன் அணுக்களும் ஒழுங்காக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். குறைந்த சூட்டில் அது வருடக்கணக்கில் நடக்கும் வேலை. தண்ணீருக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே மேலே வரும் ஒரு வாளித் தண்ணீரில், அது போய்வந்த ஆழத்தின் சூடு சிலிக்காவாக எழுதப்பட்டிருக்கிறது. சூடு ஆறிவிட்டது, பதிவு ஆறவில்லை. சூடு தெரிந்தால், சாதாரணக் கிணற்றுத் தண்ணீரின் சூட்டை அதிலிருந்து கழித்து, மிச்சத்தைக் கிரேடியன்டால் வகுத்து ஆழத்தையும் சொல்லிவிடலாம்.

இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தைக் குத்தித் தண்ணீர் எடுத்தான் என்ற கதையைக் கேட்டுத்தான் நானும் அங்கே குளித்தேன். இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்குக்கு அங்கே போகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. அந்தத் தண்ணீர் வாதத்தையும் தோல் நோயையும் தீர்க்கும் என்று சொல்லி மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்களோடுதான் வழக்கு. இடம் யாருடையது என்று பேசுவதற்குச் செலவாகும் மூச்சில் ஒரு பங்கையாவது தண்ணீரைத் தொடர்ந்து அளப்பதற்கு ஒதுக்கலாம் என்பதும் என் எண்ணம். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. அமோனியம் மொலிப்டேற் சேர்த்தால் சிலிக்கா மஞ்சள் நிறம் காட்டும், நிறத்தின் கடுமையை அளக்க ஒரு சாதாரண நிறமானி போதும். உயர்தர மாணவர்கள் செய்யக்கூடிய வேலை.

செய்வதானால் ஒவ்வொரு கிணற்றிலும் தனித்தனியாக எடுங்கள், எடுக்கும்போதே சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கிணறுகளில் சிலிக்காவும் குறைந்திருந்தால், கலப்பு என்ற விளக்கம் பலப்படும். போத்தல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடியே சிலிக்காதான், அது கரைந்து கணக்கைக் கெடுத்துவிடும்.