தேடிய இடத்தை மறுபடியும் தேடுங்கள்: காணாமல் போனவரைக் கண்டுபிடிக்கும் கணக்கு

2023 மே 1ஆம் தேதி கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறிய செஸ்னா விமானம் விழுந்தது. அதில் இருந்த பெரியவர்கள் மூவரும் இறந்துபோனார்கள். பதின்மூன்று வயதுச் சிறுமியும் அவளுக்கு இளையவர்கள் மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். கடைக்குட்டி கைக்குழந்தை. இரண்டு வாரம் கழித்து ராணுவம் விமானத்தைக் கண்டுபிடித்தபோது குழந்தைகள் அங்கே இல்லை. ராணுவ வீரர்களும் அந்தக் காட்டை அறிந்த பழங்குடித் தன்னார்வலர்களும் சேர்ந்து தேடினார்கள். ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி கட்டி, பாட்டியின் குரலை அவர்களுடைய ஹுய்டோட்டோ மொழியிலேயே ஒலிக்கவிட்டார்கள். நாற்பதாவது நாள், ஜூன் 9 அன்று, நான்கு பேரும் உயிரோடு கிடைத்தார்கள். விமானம் விழுந்த இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தார்கள்.

அதற்கு முன்பே தேடுதல் குழுவினர் அவர்களுக்கு 20 முதல் 50 மீட்டர் பக்கத்தில் வந்து போயிருந்தார்கள் என்று தேடலுக்குத் தலைமை தாங்கிய ராணுவத் தளபதி பிறகு சொன்னார். இதைக் கேட்டதும் தேடியவர்கள் கவனமாகப் பார்க்கவில்லை என்றுதான் பலருக்குத் தோன்றும். அது நியாயமில்லை. நல்ல கண் உள்ள, பயிற்சி பெற்ற மனிதர்கள் நேர்மையாகத் தேடினாலும் அடர்ந்த காட்டில் பக்கத்தில் இருப்பவரைத் தவறவிடுவது இயல்பு. எவ்வளவு தவறவிடுவோம் என்பதையே கணக்கில் கொண்டுவந்ததுதான் தேடுதல் கலையில் நடந்த பெரிய மாற்றம்.

இதன் தொடக்கம் இரண்டாம் உலகப்போர். அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடி அமெரிக்கக் கடற்படை விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. இவ்வளவு பெரிய கடலில் எந்தப் பாதையில், எவ்வளவு இடைவெளிவிட்டுப் பறந்தால் பலன் அதிகம்? கடற்படைக்காக இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் கூப்மன் என்ற கணிதவியலாளர். அவர் கட்டிய கோட்பாடு 1946இல் ஓர் அறிக்கையாகத் தொகுக்கப்பட்டது. இன்றைக்கு மலையில் தொலைந்தவரைத் தேடும்போதும் அதே கணக்குதான் அடியில் ஓடுகிறது.

கணக்கு இரண்டே கேள்விகளில் நிற்கிறது. அவர் இந்த இடத்தில் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இருந்தால், நாம் தேடும் விதத்தில் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு? இரண்டையும் பெருக்கினால் அந்தத் தேடல் வெற்றிபெறும் வாய்ப்பு வந்துவிடும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் ஒரு தாத்தாவைக் காணவில்லை. ஞாபகமறதி நோய் உள்ளவர். ஓடைப் பக்கம் இருக்க 50 சதவீதம், பழைய தோட்டத்துப் பக்கம் 30, ரோட்டுப் பக்கம் 20 என்று தெரிந்தவர்கள் கூடிப் பேசி மதிப்பிடுகிறார்கள். ஓடைப் பக்கம் புதர் அதிகம். அங்கே ஒருமுறை தேடினால், அவர் இருக்கும் பட்சத்தில் கண்ணில் பட 70 சதவீத வாய்ப்பு. தேடியாயிற்று, கிடைக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

ஓடையை வரைபடத்தில் அடித்துவிட்டு நகர்வதுதான் நம் வழக்கம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஓடைப் பக்கத்தின் 50இல் பத்தில் மூன்று பங்கு, அதாவது 15, இன்னும் மிச்சம் இருக்கிறது. தோட்டத்தின் 30, ரோட்டின் 20 இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 65. இந்த 65ஐ நூறாக மாற்றிப் பார்த்தால் ஓடைக்கு 23, தோட்டத்துக்கு 46, ரோட்டுக்கு 31 என்று வருகிறது. ஆக, அடுத்து தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே நன்றாகத் தேடியும் கிடைக்காவிட்டால் ரோட்டுப் பக்கம், பிறகு மறுபடி ஓடை. ‘அங்கே பார்த்தாச்சு’ என்று ஓர் இடத்தை ஒரேயடியாக மூடிவிடுவதுபோல ஆபத்தான முடிவு தேடலில் வேறு இல்லை. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானம் 228 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்தது. கறுப்புப் பெட்டிகளோடு இணைந்த ஒலிக் கருவிகள் சுமார் ஒரு மாதம் சத்தம் அனுப்ப வேண்டும். கப்பல்கள் அந்தச் சத்தத்தைத் தேடி அலைந்தன. கேட்கவில்லை. அந்தப் பகுதியில் விமானம் இல்லை என்ற எண்ணத்தில் தேடல் வேறு பக்கங்களுக்கு நகர்ந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து ஒரு புள்ளியியல் குழு எல்லாத் தகவலையும் புதிதாக எடுத்து, ஒலிக் கருவிகளே வேலை செய்யாமல் போயிருந்தால் என்ற சாத்தியத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. முன்பு விலக்கிவைத்த பகுதியே முதலிடத்துக்கு வந்தது. அங்கே தேடத் தொடங்கிச் சுமார் ஒரு வாரத்தில், 2011 ஏப்ரல் தொடக்கத்தில், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் விமானம் கிடைத்தது.

சரி, கண்ணில் படும் வாய்ப்பை எப்படிக் கூட்டுவது? ஆட்களை நெருக்கமாக நிறுத்தினால் கூடும். ஆனால் ஒரே அளவில் கூடிக்கொண்டே போகாது. ஒருவர் நடந்துபோகும்போது இருபக்கமும் பயனுள்ள வகையில் பார்க்கக்கூடிய அகலத்தை முதலில் மதிப்பிடுகிறார்கள். வெட்டவெளியில் அது அதிகம், புதரில் குறைவு. சிவப்புச் சட்டைக்கு அதிகம், காக்கிச் சட்டைக்குக் குறைவு. அந்த அகலத்தால் பகுதி முழுவதையும் ஒருமுறை மூடும் அளவுக்கு நடந்தால், கூப்மனின் சூத்திரப்படி கண்டுபிடிக்கும் வாய்ப்பு 63 சதவீதம். உழைப்பை இரட்டிப்பாக்கினால் 86. மூன்று மடங்காக்கினால் 95. முதல் மடங்கு உழைப்பு 63 புள்ளிகளைத் தருகிறது, மூன்றாவது மடங்கு 9 புள்ளிகள் மட்டும். அதனால் முதல் சில மணி நேரத்தில், தோளோடு தோள் நின்று ஒரே காட்டைச் சீப்பால் வாருவதுபோல வாரும் முறையை அனுபவசாலிகள் தவிர்ப்பார்கள். வாய்ப்பு அதிகமுள்ள பல இடங்களில் சிறு குழுக்கள் வேகமாகப் போய்ப் பார்ப்பது பலன் தரும். நெருக்கமான வரிசைத் தேடலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேகம் ஏன் வேண்டும் என்பதற்கும் எளிய கணக்கு இருக்கிறது. மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவர் ஒரு மணி நேரத்தில் எங்கே இருந்தாலும் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வட்டத்துக்குள் இருப்பார். மூன்று மணி நேரம் ஆகிவிட்டால் அது 450 சதுர கிலோமீட்டர். அப்புறம் எத்தனை பேர் வந்தாலும் போதாது. நம் ஊரில் ‘24 மணி நேரம் பார்ப்போம், வந்துவிடுவார்’ என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை. குழந்தை காணாமல் போன ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே உத்தரவிட்டிருக்கிறது. 112க்கும், குழந்தை என்றால் 1098க்கும் உடனே அழைக்கலாம்.

ஆனால் உண்மையில் யாரும் அந்த வட்டம் முழுக்கச் சிதறிப் போவதில்லை. மனிதர்கள் தொலைவதில் சில ஒழுங்குகள் இருக்கின்றன. பல நாடுகளின் ஆயிரக்கணக்கான சம்பவங்களைத் தொகுத்து ஒரு சர்வதேசத் தரவுத்தளமே வைத்திருக்கிறார்கள். ஞாபகமறதி நோயுள்ள முதியவர் ஒரு திசையில் போகத் தொடங்கினால் எதிலாவது முட்டி நிற்கும் வரை போவார். புதரோ வேலியோ தடுத்தால் திரும்பத் தோன்றாமல் அங்கேயே சிக்கிக்கொள்வார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பெரும்பாலும் பதில் வராது. பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே, யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் கிடப்பார். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குத் தான் தொலைந்தது என்பதே தெரியாது. வண்டிக்கு அடியிலோ பொந்து மாதிரி இடத்திலோ நுழைந்து தூங்கிவிடும். அதனால்தான் குழந்தையைத் தேடும்போது வீட்டுக்குள் பீரோ, கட்டிலடி, தண்ணீர்த் தொட்டி, கிணறு எல்லாவற்றையும் முதலில் பார்க்கிறார்கள், அதுவும் ஒருவர் பார்த்ததை இன்னொருவர் மறுபடி பார்க்கிறார். சற்றுப் பெரிய பிள்ளைகள் அந்நியர் குரல் கேட்டால் பயந்து ஒளிந்துகொள்வதும் உண்டு.

பெரியவர்களும் நாம் நினைக்கும் அளவுக்கு நேராக நடப்பதில்லை. ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைப் பெரிய காடு ஒன்றில் ஒரே திசையில் நடக்கச் சொல்லி ஜிபிஎஸ் வைத்துக் கவனித்தார்கள். வெயில் தெரிந்த நாளில் ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடிய நாளில் வட்டமடித்து, தாங்கள் வந்த பாதையையே அறியாமல் கடந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் சிலருடைய வட்டத்தின் விட்டம் 20 மீட்டருக்கும் குறைவு. ஒரு கால் மற்றதைவிட நீளம் என்பதுபோன்ற விளக்கங்கள் இதற்குப் பொருந்தவில்லை. வெளி அடையாளம் இல்லாதபோது ‘நேர்’ எது என்ற நம் உணர்வே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துவிடுகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம், தேடுபவர் ஆளை மட்டும் தேடக் கூடாது. ஆள் இருப்பது ஓர் இடத்தில். அவர் விட்டுப்போன தடயங்களோ வழியெங்கும் இருக்கும். அமேசானில் கடித்துப் போட்ட பழமும் குழந்தையின் பால்புட்டியும் காலடித் தடமும்தான் அவர்கள் உயிரோடு நகர்கிறார்கள் என்று சொன்னவை. நம் இருளர்கள் பாம்பு பிடிப்பதும் இப்படித்தான்: மண்ணில் இழுபட்ட கோடு, உரித்த சட்டை, எச்சம் என்று தடம் பார்த்து வளைக்குப் போவார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு தேட அழைத்துப்போனது இந்தத் திறமைக்காகத்தான். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

காலடித் தடம் பார்க்க நடுப்பகல் உதவாது. காலை, மாலையில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் சிறு பள்ளமும் நிழல் காட்டும். தடத்தை நமக்கும் சூரியனுக்கும் நடுவில் வருமாறு வைத்து, குனிந்து பார்க்க வேண்டும். ஒரு குச்சியில் காலடியின் நீளத்தையும் இரண்டு அடிகளுக்கு இடையிலான தூரத்தையும் குறித்துக்கொண்டால், அடுத்த அடி எங்கே விழுந்திருக்கும் என்று அந்தக் குச்சியைச் சுழற்றியே ஊகிக்கலாம். எல்லா இடத்திலும் தடத்தை விடாமல் தொடர வேண்டும் என்பதில்லை. அவர் கடந்தே ஆக வேண்டிய ஓடைக்கரை, மண்பாதை, ஈரமான வரப்பு இவற்றைக் குறுக்கே போய்ப் பார்த்தால் போதும். புதுத் தடம் இருந்தால் திசை கிடைக்கும்.

மோப்ப நாயின் வேலையும் காற்றோடு பிணைந்தது. நம் தோலிலிருந்து உதிரும் நுண்ணிய துகள்கள் வாசனையைச் சுமந்துகொண்டு பரவுகின்றன. மலையில் பகலில் சூடான காற்று மேலேறும், இரவில் குளிர்ந்து கீழிறங்கும். ஆகவே அதிகாலையில் பள்ளத்தாக்கில் நிற்கும் நாய்க்கு மேலே இருப்பவரின் வாசனை எட்டலாம். தடம் பிடித்துப் போகும் நாய்க்கு, காணாமல் போனவர் மட்டுமே உடுத்திய துணி வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைக் கையில் எடுத்து அழுதிருந்தால் நாய்க்குக் குழப்பம்தான். துணியைத் தொடாமல் சுத்தமான உறைக்குள் போட்டு வையுங்கள். கடைசியாகப் பார்த்த இடத்தில் கூட்டம் கூடவும் விடாதீர்கள். அங்கே இருக்கும் முதல் காலடி அழிந்தால் மொத்தத் தேடலும் திசையில்லாமல் தொடங்கும்.

கண்ணில் படும் வாய்ப்பைத் தேடுபவர் மட்டுமல்ல, தேடப்படுபவரும் கூட்டலாம். கலிபோர்னியாவில் 1981இல் ஒன்பது வயதுச் சிறுவன் மலையில் தொலைந்து இறந்த பிறகு, பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். வழி தெரியாவிட்டால் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு என்பதுதான் அதன் சாரம். நகராமல் இருந்தால் தேட வேண்டிய வட்டம் விரிவதே நின்றுவிடுகிறது. கழுத்தில் ஒரு விசில் இருந்தால் தொண்டை வற்றிய பிறகும் சத்தம் எழுப்பலாம், மூன்று மூன்று முறையாக ஊதினால் உதவி கேட்பதாக அர்த்தம். சுற்றுலா போகும் முன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். தேடி வருபவர் முகம் தெரியாதவராக இருந்தாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒளியாமல் குரல் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.