பரிசுக் கூடையின் ஆயுள், அதில் உள்ள பால்கோவாவின் ஆயுள்தான்

உணவுத் தொழில்நுட்பத் துறையில் இருப்பதால், ஐப்பசி பிறந்ததும் சோதனைக்காக என் மேசைக்கு வரத் தொடங்கும் அழகிய மூங்கில் கூடைகளைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது. இந்தத் தீபாவளிக்கு வந்த கூடை மூன்றாவது. சென்னையில் வீட்டிலிருந்தபடியே பரிசுக் கூடைகள் தயாரித்து விற்கும் ஒரு பெண்மணி, ஓர் அலுவலகத்துக்காக அறுபது கூடைகள் கட்டியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, தூத்துக்குடி மக்ரூன் என ஊர் ஊராகத் தேடி வாங்கிய பண்டங்கள். தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வியாழக்கிழமை கட்டிய கூடை திங்கட்கிழமை மாலைதான் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வீட்டில் பால்கோவா சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு குழந்தைகளும் பாட்டியும் வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள். மீதமிருந்ததைச் சோதித்தபோது ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி ஏராளமாக இருந்தது.

அந்தப் பெண்மணி கண்கலங்கியபடி என்னிடம் கேட்டதைத்தான் ஆண்டுதோறும் எல்லோரும் கேட்கிறார்கள்: "சர்க்கரை போட்ட பண்டம் எப்படிங்க கெடும்?"

கெடும். இதை எத்தனை முறை சொன்னாலும் மனத்தில் பதிவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சர்க்கரை இருப்பதனால் மட்டும் ஒரு பண்டம் கெடாமல் இருந்துவிடாது. கிருமி வளர நீர் வேண்டும். அந்த நீரைச் சர்க்கரை தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால்தான் கிருமி வளர முடியாமல் போகிறது. பிடித்து வைக்கும் அளவுக்குச் சர்க்கரை போதவில்லை என்றால், நாக்குக்கு எவ்வளவு தித்தித்தாலும் கிருமிக்கு அது வசதியான இடமே. கிருமிக்குக் கிடைக்கக்கூடிய நீரை நாங்கள் 0 முதல் 1 வரையிலான ஓர் அளவுகோலில் அளக்கிறோம். தூய நீருக்கு 1, தேனுக்கு ஏறத்தாழ 0.6. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.9-க்குக் கீழே வளர்வதில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் மட்டும் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். சர்க்கரையும் உப்பும் அதற்குப் பெரிய தடையல்ல. வெல்லப்பாகை முற்றக் காய்ச்சிக் கடலையில் ஊற்றி இறுகவைத்த கடலைமிட்டாயில் எந்தக் கிருமியும் வளராது. பாலைச் சுண்டக் காய்ச்சியெடுத்த பால்கோவாவில் ஈரம் எஞ்சியிருக்கிறது, பாலின் புரதமும் இருக்கிறது. இரண்டும் இனிப்புதான் என்றாலும், கெடும் விதத்தில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பண்டங்கள் இவை.

அடுத்த சமாதானம், "காற்றுப் புகாத பாட்டிலில்தான் போட்டேன்" என்பது. காற்றை நீக்கினால் பூசணம் பிடிப்பதும் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் தள்ளிப்போகும். ஸ்டஃபைலோகாக்கஸோ காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரக்கூடியது. மேலும், அந்தப் பாட்டிலுக்குள் பால்கோவா எப்படிப் போனது என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஐந்து கிலோவாக வாங்கி வந்து, வீட்டுச் சமையலறையில் கரண்டியாலும் கையாலும் அள்ளி, சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் நிரப்பி, துணி கட்டி, நாடா முடிந்திருக்கிறார்கள். இந்தக் கிருமி ஆரோக்கியமானவர்களின் மூக்கிலும் தோலிலும் இயல்பாகவே வாழ்வது. காய்ச்சி இறக்கிய பால்கோவாவில் இல்லாத கிருமியை மறுபடி நிரப்பிய கைதான் கொண்டு சேர்த்திருக்கிறது என்பது என் முடிவு. நான்கு நாள் வெளியில் இருந்ததில் அது பெருகி நஞ்சைச் சுரந்துவிட்டது. அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது என்பதால், சந்தேகம் வந்த பால்கோவாவைச் சூடுபடுத்திச் சாப்பிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

ஆகவே நான் முதலில் வலியுறுத்துவது இதைத்தான்: தயாரித்தவர் ஒட்டிய பொதியைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் சுத்தம் போகிறது, கூடவே தயாரித்த தேதியும் சேர்மானப் பட்டியலும் பதினான்கு இலக்க உரிம எண்ணும் குப்பைக்குப் போகின்றன. மறுபொதி செய்து விற்பதும் சட்டப்படி உணவுத் தொழிலே. அதற்கும் பதிவோ உரிமமோ வேண்டும். அழகு வேண்டுமானால் பொதியின் மேல் துணி சுற்றுங்கள், கூடையை அலங்கரியுங்கள், உள்ளே கைவைக்காதீர்கள்.

கூடையின் மேல் ஒரே தேதியை அச்சிட்டு ஒட்டுவது எனக்குக் கோபமூட்டும் இன்னொரு பழக்கம். ஒரு மாதம் என்று போடுகிறார்கள். அது யாருடைய மாதம்? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கலாகந்து என்ற பால் இனிப்புக்கு அன்றைய நாளையும், பால் மிகுந்த வங்காள இனிப்புகளுக்கு இரண்டு நாளையும், சுண்டக் காய்ச்சிய பாலில் செய்யும் கோவா இனிப்புகளுக்கு நான்கு நாளையும் வழிகாட்டுக் குறிப்பாகத் தந்திருக்கிறது. பொதியிடாமல் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடையில் எழுதிவைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள், சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

நல்ல பண்டங்களுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019-இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலும், மணப்பாறை முறுக்கும் ஊட்டி வர்க்கியும் உடன்குடிப் பனங்கருப்பட்டியும் 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தக் குறியீடு பண்டம் பிறந்த ஊருக்குச் சாட்சி. பண்டம் எப்போது தயாரானது என்பதற்கு அது சாட்சியல்ல. தொலைவுக்கு அனுப்பும் கூடைக்கு நான் பரிந்துரைப்பவை கடலைமிட்டாய், கருப்பட்டி, தண்ணீர் சேர்க்காமல் செய்து பொதி பிரிக்காமல் வரும் பஞ்சாமிர்தம், தனியாக ஒட்டிய முறுக்கு ஆகியவை. ஊட்டி சாக்லேட்டைச் சென்னை வெயிலில் மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகிவிடும். (உருகி இறுகியபின் மேலே படரும் வெண்மை பூசணம் அல்ல, அதற்காக யாரும் பயந்து என்னிடம் கொண்டுவர வேண்டியதில்லை.)

எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். மூடி சரியாக இல்லாத அல்வாவோடு ஒரே பெட்டியில் வைத்த மக்ரூன் இரண்டே நாளில் ஈரத்தை இழுத்து நமத்துப்போகும். அடைமழை நாளில் பிரித்து வைத்த கருப்பட்டி கசியும். மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு இருக்கிறது என்பதைப் பலர் அறிவதே இல்லை. சைவ வீட்டுக்கு அனுப்பும் கூடையில் அதை வைத்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். நிலக்கடலையோ முந்திரியோ ஒவ்வாத குழந்தைக்கு அது மன்னிப்போடு முடியாது. மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆகவே பால், முட்டை, கோதுமை, கடலை, முந்திரி ஆகியவற்றில் எது எதில் இருக்கிறது என்று தமிழில் எழுதிய ஒரு சீட்டைக் கூடையின் மேற்புறத்திலேயே வையுங்கள். தேன் பாட்டில் வைத்தால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தரக்கூடாது என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள். நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது.

அந்தப் பெண்மணி தொழிலை விட்டுவிட நினைத்தார். விட வேண்டாம் என்றேன். இப்போது பால்கோவா கேட்பவர்களுக்கு, அது ஊரிலிருந்து வந்து இறங்கும் அன்றே குளிர்பெட்டியில் தனியாகக் கொடுத்தனுப்புகிறார், கூடைக்குள் வைப்பதில்லை.

கூடையைப் பெறுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வந்த கூடையைப் பிரிக்காமல் பூஜையறையிலோ கண்ணாடி அலமாரியிலோ வைத்திருந்து, இரண்டு நாள் கழித்து அப்படியே சம்பந்தி வீட்டுக்கும் வேலை செய்யும் அம்மாவுக்கும் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வந்த அன்றே திறந்து பாருங்கள். பால் சேர்ந்தது இருந்தால், அதன் நாள் கடந்திருக்கவில்லை என்றால் மட்டும், அன்றே வீட்டில் சாப்பிட்டுவிடுங்கள். இன்னொரு வீட்டுக்குத் தர விரும்பினால் பிரிக்காத கடலைமிட்டாய்ப் பொதியை எடுத்துக் கொடுங்கள்.