டான்சில் கல்: பல் துலக்கியும் போகாத வாய் நாற்றம்

வாய் நாற்றம் என்று பல் மருத்துவரிடம் போய்ப் பல்லைச் சுத்தம் செய்து, அதிலும் குறையாமல் வயிற்றுப்புண் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பலர் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வருகிறார்கள். சிலர் இருமும்போது வந்து விழுந்ததை டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கொண்டுவருவார்கள். நொய்யரிசி அளவில், மஞ்சள் கலந்த வெள்ளைத் துணுக்கு. நசுக்கினால் அழுகல் வாடை குப்பென்று அடிக்கும். "கேன்சரா டாக்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை. அது டான்சில் கல். அடுத்தவருக்குத் தொற்றாது.

டான்சில் என்பது தொண்டையின் இரு பக்கமும் இருக்கும் சதைத் திரட்சி. அதன் மேற்பரப்பு வழவழப்பானதல்ல. உள்ளே கிளைகிளையாக ஓடும் குழிகள் இருக்கின்றன. உதிர்ந்த செல்கள், சளி, உணவுத் துகள், பாக்டீரியா எல்லாம் அங்கே சேர்ந்து, நாளடைவில் உமிழ்நீரிலுள்ள கால்சியம் படிந்து இறுகிவிடும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன. நாற்றத்துக்கு அதுவே காரணம். அடிக்கடி டான்சில் வீங்கியவர்கள், மூக்கின் பின்புறம் சளி இறங்குபவர்கள், வாய் வழியாக மூச்சு விடுபவர்கள், தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்கள் ஆகியோருக்கு இது அதிகம் வரும்.

தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோன்ற உறுத்தல், வறட்டு இருமல், விழுங்கும்போது லேசான வலி இருக்கலாம். காதும் வலிக்கலாம். காதில் கோளாறே இருக்காது. டான்சிலுக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பு கிளைவிடுவதால் வரும் வலி அது. எந்தத் தொந்தரவும் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ தெரிவதும் உண்டு.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது கல் அல்ல, அதைத் தோண்டி எடுக்க வீட்டில் செய்யும் வேலைகள்தான். ஊக்கு, ஹேர்பின், குச்சி எதையும் தொண்டைக்குள் விடாதீர்கள். டான்சிலில் ரத்த ஓட்டம் அதிகம். கீறினால் ரத்தம் எளிதில் நிற்காது. குமட்டும்போது கையிலிருப்பது நழுவி உள்ளே போகவும் கூடும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பாட்டுக்குப் பின் தலையை நிமிர்த்தி நன்றாகக் கொப்பளியுங்கள். நாக்கையும் தினமும் வழியுங்கள். சிறிய கற்கள் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம். அது கல்லைக் கரைக்காது. பெரிய கல் என்றால் மருத்துவர் எடுத்துவிடுவார். டான்சிலையே அகற்றும் அறுவை சிகிச்சை, திரும்பத் திரும்ப வந்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் மட்டுமே.

காய்ச்சலோடு டான்சிலில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது கல்லாக இருக்காது, தொற்றாக இருக்கலாம். ஒரு பக்க டான்சில் மட்டும் பெருத்திருந்தாலோ, ஆறாத புண், கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தாலோ தாமதிக்காமல் வாருங்கள். புகையிலை, பான் பழக்கம் உள்ளவர்கள் இதில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.