பெருக்கினா பெருசாகும்லா டீச்சர்?

ஆறாம் வகுப்பில் பலகையில் 1/2, 3/6 என்று எழுதி, எது பெரிசு என்று கேட்டேன். முன்பெஞ்சுப் பிள்ளை யோசிக்கவே இல்லை. "மூணு பை ஆறு, டீச்சர்."

"எப்படி மக்ளே?"

"ரெண்டையும் மூணால பெருக்கியிருக்குல்லா? பெருக்கினா பெருசாகும்லா?"

தக்கலைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 18 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். இந்தப் பதிலை வருடாவருடம் கேட்கிறேன். பிள்ளை மேல் தப்பில்லை. மழை பெய்தால் குளம் பெருகும், துவைத்தால் துணி சுருங்கும். அப்படிப் பேசி வளர்ந்த காதில் 'தொகுதியையும் (மேல் எண்) பகுதியையும் (கீழ் எண்) ஒரே எண்ணால் பெருக்கு', 'எளிய வடிவுக்குச் சுருக்கு' என்று போட்டால், அளவு கூடுகிறது, குறைகிறது என்றுதான் விழும். 1/2, 3/6 போன்ற சமான பின்னத்தில் எண்கள்தான் மாறுகின்றன, அளவு அசைவதில்லை.

அன்று ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். நெடுக்கே நடுவில் மடித்து, ஒரு பாதியைப் பென்சிலால் கிறுக்கச் சொன்னேன். விரித்தால் 1/2. பிறகு ஸ்கேல் வைத்துக் குறுக்கே இரண்டு கோடு, தாள் மூன்று சம பட்டையாகும்படி. இப்போது மொத்தம் ஆறு கட்டம், கிறுக்கியது மூன்று.

"கிறுக்கினது கூடிச்சா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன எது கூடிச்சு?"

முன்பெஞ்சுப் பிள்ளை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "துண்டுதான் கூடிச்சு. ஆனா ஒவ்வொண்ணும் சின்னதாயிட்டு."

இதைப் பிள்ளை தன் வாயால் சொல்லும்வரை நான் விதியைப் பலகையில் எழுதுவதில்லை. சொன்ன பிறகு விதி தானாக நிற்கும்: நாம் பெருக்கியது 3ஆல் இல்லை, 3/3ஆல். 3/3 என்பது 1. ஒன்றால் பெருக்கினால் எந்த அளவும் கூடுவதில்லை.

(ஒருமுறை புட்டை வைத்து இதைச் சொல்லித்தரப் போய் உதிர்ந்துவிட்டது. ஏத்தம்பழமும் சரிப்படாது, நடுவில் தடி, நுனியில் மெலிசு. துண்டுகள் சமமாக இல்லாவிட்டால் பின்னக் கணக்கே கிடையாது.)

வீட்டில் சொல்லித்தர நம்ம ஊரில் பொருளுக்குப் பஞ்சமில்லை. 100 சென்ட் ஒரு ஏக்கர். 25 சென்ட் விளையை (தோட்டத்தை) கால் ஏக்கர் என்றால், 1/4 பெரிய எண் போட்ட 25/100 ஆனதால் வேலி நகர்ந்துவிட்டதா? இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்குப் பின்னால் தசமமும் சதவீதமும் பாதி வேலை. நகைக்கடையில் ஒரு பவுன் 8 கிராம். 2 கிராம் கம்மல் 2/8 பவுன்; அதைத்தான் பாட்டி கால் பவுன் என்கிறாள். 1 கிராமை அரைக்கால் பவுன் என்பாள். காலில் அரை, 1/8. பெயரிலேயே கணக்கு இருக்கிறது.

வாசிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். 3/4ஐ 'த்ரீ பை ஃபோர்' என்று வாசிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்த இரண்டு தனி எண்களாகவே தெரிகிறது. 'நான்கில் மூன்று' என்று வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் எத்தனை துண்டு, பிறகு அதில் எத்தனை எடுத்தோம் என்று மனதில் படம் வரும். ஆங்கில வழிப் பிள்ளையானாலும் வீட்டில் தமிழில் ஒருதரம் வாசிக்கட்டும்.

நான் அதிகம் திருத்தும் இன்னொரு தப்பு, பெருக்குவதற்குப் பதில் கூட்டுவது. 1/2இல் மேலும் கீழும் 1 கூட்டி 2/3 என்று எழுதி, சமம் என்பார்கள். 12 மட்டிப்பழம் உள்ள சீப்பை எடுங்கள். பாதி 6 பழம். மூன்றில் இரண்டு 8 பழம். எண்ணிப் பார்த்தால் விஷயம் தீர்ந்தது.

குறுக்குப் பெருக்கலை டியூஷனில் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2/3, 4/6 என்றால் 2×6=12, 3×4=12, ஆகவே சமம் என்று பிள்ளை டக்கென்று எழுதும். அந்த 12 எதைக் குறிக்கிறது என்று கேட்டால் முழிக்கும். இரண்டையும் 18 துண்டாக வெட்டினால் இரண்டுமே 12/18; அந்தத் தொகுதிகள்தான் அந்த 12கள். இது புரிந்த பிறகு தாராளமாகக் குறுக்கே பெருக்கட்டும். புரியாமல் போனால், 1/2 + 1/3க்கு 2/5 என்று எழுதிவிட்டு, கூட்டி வந்த விடை பாதியைவிடக் குறைவாக இருப்பதைக்கூடக் கவனிக்காது. ஆறு கட்டத் தாளில் 3/6, 2/6 என்று வைத்துப் பார்த்த பிள்ளை 5/6 என்று எழுதும்.

நோட்டுத் திருத்துகிறவர்களிடமும் ஒரு வார்த்தை, வீட்டில் திருத்தும் அப்பா அம்மா உட்பட. விடைப்பட்டியலில் 3/4 இருந்து, பிள்ளை 6/8 எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவைக் கீழே வையுங்கள். 'எளிய வடிவில் எழுதுக' என்று கேள்வியில் இல்லாதவரை 6/8 சரியான விடை.