ஒளிவேதிசாராத் தணிப்பு

இலை தான் ஏற்ற மிகை ஒளியாற்றலை வெப்பமாக விட்டுத் தன்னைக் காத்துக்கொள்வதைக் குறிக்க, 'நான்-போட்டோகெமிக்கல் குவென்ச்சிங்' என்றும் சுருக்கமாக 'என்பிக்யூ' என்றும் வழங்கும் கலைச்சொல்லின் தமிழாக்கம் இது. 'குவென்ச்' நெருப்பை அணைப்பதைக் குறித்த பழைய ஆங்கில வினை, தாகத்துக்கும் வரும். தமிழில் 'தணி' இரண்டுக்கும் பொருந்தும். இங்கே எதுவும் முற்றாக அணைவதில்லை, அளவுதான் குறைகிறது. எனவே 'அணைப்பு' வேண்டாம், 'தணிப்பு' போதும்.

தணிவது எது? ஒளி அன்று, பச்சையத்தின் உடனொளிர்வு, அதாவது ஏற்ற ஒளியின் ஒரு பகுதியை உடனே திரும்ப உமிழ்வது. ஒளியை ஏற்றுக் கிளர்ந்த பச்சையம் தன் ஆற்றலை ஒளிவேதிவினைக்குத் தரலாம், சிவப்பாக உமிழலாம், வெப்பமாக விடலாம். வேதிவினைக்குப் போனதால் உமிழ்வு குறைந்தால் ஒளிவேதித் தணிப்பு. வெப்பமாகப் போனதால் குறைந்தால் ஒளிவேதிசாராத் தணிப்பு. 'ஒளித்தணிப்பு' என்று சுருக்குவது பிழை.

உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு நொடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன. பல இலைகளுக்கு அதில் பாதியே மிகை. மிஞ்சிய ஆற்றல் தேங்கினால் பச்சையம் மும்மை நிலை என்னும் நீடித்த கிளர்நிலைக்கு மாறி, ஆக்சிஜனை ஒற்றைநிலை ஆக்சிஜன் என்னும் தீங்கான வடிவமாக்கும். ஒளிவேதிவினை நடக்கும் புரதத் தொகுதியான ஒளி அமைப்பு 2-இன் டி1 புரதம் சிதையும்.

இலைக்கு எச்சரிக்கை தருவது அமிலத்தன்மை. பசுங்கணிகத்துக்குள் இருக்கும் சவ்வுப் பையான தைலக்காய்டின் உள்ளறையில் புரோட்டான்கள் குவிந்து பிஹெச் 6-க்குக் கீழே இறங்கியதும், பிஎஸ்பிஎஸ் புரதம் நொடிகளில் செயல்பட்டு, ஒளியை ஈர்க்கும் புரதத் தொகுதிகளை வெப்பம் விடும் நிலைக்குத் திருப்பும். அதே அமிலத்தன்மை இன்னொரு நொதியையும் தூண்டும். அது அஸ்கார்பிக் அமிலத்தின் துணையோடு வயோலாசாந்தினை ஆந்தராசாந்தின் வழியாகச் சியாசாந்தினாக்கும்; இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். மூன்றும் சாந்தோஃபில் நிறமிகள். கிரேக்கத்தில் 'சாந்தோஸ்' மஞ்சள், 'ஃபில்லான்' இலை. 'இலைமஞ்சள்' என்றே சொல்லலாம்.

அளப்பதற்கு இலையை 20–30 நிமிடம் இருட்டில் வைத்து, வலுவான ஒளித்துடிப்பு ஒன்றைப் பாய்ச்சி உச்ச உடனொளிர்வைக் குறிக்க வேண்டும். பிறகு வெளிச்சத்தில் அதே துடிப்பு. இரண்டின் வேறுபாட்டைப் பின்னதால் வகுத்தால் விடை: 1000, 400 என்றால் 1.5. இருட்டு போதாவிட்டால் முதல் அளவே தாழ்ந்து, தணிப்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

நிழல் விழுந்ததும் பிஎஸ்பிஎஸ் பகுதி ஓரிரு நிமிடங்களில் தளர்ந்துவிடும். சியாசாந்தின் பழைய நிலைக்குத் திரும்பப் பத்து நிமிடங்களுக்கு மேலாகும். அதுவரை பயன்படக்கூடிய ஒளியும் வெப்பமாக வீணாகிறது. இந்த மீட்சியை விரைவுபடுத்த, பிஎஸ்பிஎஸ் புரதத்தோடு, வயோலாசாந்தினைச் சியாசாந்தினாக்கும் நொதியையும் அதைத் திரும்ப மாற்றும் நொதியையும் கூட்டி வளர்த்த புகையிலை, 2016-இல் வெளிவந்த வயல் ஆய்வில் சுமார் 15% கூடுதல் உலர் எடை தந்தது.