வெள்ளைச் சிலைக்கு வெள்ளைச் சுவர்

சிற்பி அந்தோனியோ கனோவா சலவைக்கல்லில் கைவைக்கும் முன் செய்துபார்த்த பிளாஸ்டர் வார்ப்புகள், வட இத்தாலியில் அவருடைய சொந்த ஊரான பொஸ்ஸாஞ்ஞோவில் இருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் வெண்மேனியெங்கும் பொடிப்பொடியாக உலோகப் புள்ளிகள் தெரியும். அளவுகளைக் கல்லுக்கு மாற்றுவதற்காகப் பதித்த ஆணிகள் அவை.

1957-இல் கனோவாவின் இருநூறாவது பிறந்த ஆண்டையொட்டி அங்கே ஒரு புதுக்கூடம் எழுந்தது. அதை வடிவமைத்தவர் வெனிஸ்காரரான கட்டடக்கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா. சுவர்களுக்கு அவர் தேர்ந்த நிறம் வெள்ளை.

கறுப்புச் சுவருக்கு முன் வெள்ளைச் சிலையின் வெளிக்கோடு பளிச்சென்று தெரியும், உண்மைதான். ஆனால் சுற்றுப்புறத்தின் வெளிச்சத்துக்கு ஏற்றபடிதான் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பின்னணி இருண்டிருந்தால் சிலை முழுக்க ஒரே வெண்மையாகிவிடும். தோளிலிருந்து முதுகுக்கு இறங்கும் மெல்லிய நிழல் எடுபடாது. பின்னணியின் வெளிச்சம் சிலையின் வெளிச்சத்தை நெருங்க நெருங்க, அந்த இளஞ்சாம்பல் வேறுபாடுகளைக் கண் எளிதில் பிரித்தறியும். கனோவாவின் திறமையெல்லாம் அந்த வேறுபாடுகளில்தான் இருக்கிறது.

அடுத்தது ஜன்னல். சுவரின் நடுவில் வைத்தால் வானம் பிரகாசிக்கும், அதைச் சுற்றிய சுவர் இருளும், கண் கூசும். ஸ்கார்ப்பா ஜன்னலை இரண்டு சுவர்களும் கூரையும் கூடும் மூலைக்கே கொண்டுபோய், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்தார். நுழையும் ஒளி பக்கத்துச் சுவரை உரசியபடி இறங்குகிறது. சுவரே பெரிய விளக்காகி அதைக் கூடமெங்கும் சிதறடிக்கிறது. நிழல் மென்மையாகிறதே தவிர, அழிந்துபோவதில்லை. சூரியன் நகர்வதால் காலையில் பார்த்த முகம் மாலையில் வேறாகத் தெரியும். எந்த மின்விளக்கும் இதற்கு ஈடாகாது என்பேன்.

இரண்டாம் உலகப் போரில் சிதைந்த பழைய கட்டடங்களை அருங்காட்சியகங்களாகச் சீரமைக்கும் வேலை அப்போது இத்தாலியெங்கும் நடந்துகொண்டிருந்தது. ஜெனோவாவில் கட்டடக்கலைஞர் பிராங்கோ ஆல்பினியும் மிலானில் பி.பி.பி.ஆர். என்ற கட்டடக்கலைக் குழுவினரும் அதில் இறங்கியிருந்தார்கள். ஸ்கார்ப்பாவுக்கு வாய்த்த பெரிய களம் வெரோனாவின் காஸ்டல்வெக்கியோ கோட்டை. 1964-இல் மறுபடி திறந்த அந்த அருங்காட்சியகத்தில் புதுத்தரை பழைய சுவரைத் தொடாது. நடுவே ஓர் இடைவெளி ஓடும். எது பழையது, எது புதியது என்று பலகை வைத்துச் சொல்லத் தேவையில்லை. சில சிலைகள் நமக்கு முதுகு காட்டி நிற்கும். முகத்தைப் பார்க்க நாம்தான் சுற்றிவர வேண்டும். அப்படிச் சுற்றும்போதே சிலையின் எல்லாப் பக்கங்களையும் பார்த்துவிடுகிறோம்.

வெரோனாவை ஆண்ட கான்கிராந்தேயைக் குதிரைமேல் காட்டும் 14-ஆம் நூற்றாண்டுச் சிலையிலும் இதே உத்திதான். பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய ஒரு பகுதியை இடித்துக் கிடைத்த வெட்டவெளியில், உயரத்தில் நீட்டிய கான்கிரீட் தாங்கியின் மேல் அதை நிறுத்தினார் ஸ்கார்ப்பா. முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம், பிறகு அதன் கீழே கடந்து போகிறோம், கடைசியில் மேல்தளத்து நடைபாதையில் போகும்போது அந்த வீரனின் சிரித்த முகத்தைக் கிட்டத்தில் பார்க்கிறோம்.