நிறமேறிய காசும் நிறமேற்றிய காசும்

"இயற்கையாக வண்ணமூட்டப்பட்ட உயர்தர ஆதார செப்பு சென்ட்." அமெரிக்காவின் பழைய சென்ட் காசுகளைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினால் இந்த மாதிரி ஒரு வரி வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் புரூஃப் என்று இருப்பதை ஆதாரம் ஆக்கியது தப்பு, டோனிங் என்பதை வண்ணமூட்டப்பட்ட என்று ஆக்கியது அதைவிடப் பெரிய தப்பு.

முதலில் ஆதாரத்தை முடித்துவிடலாம். புரூஃப் என்ற சொல் சோதித்துப் பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அச்சு சரியாக விழுகிறதா என்று அடித்துப் பார்த்த காசுக்கு இருந்த பெயர், பிற்பாடு சேகரிப்பவர்களுக்கென்றே தனிக் கவனத்தோடு, பெரும்பாலும் மெருகிட்ட அச்சையும் மெருகிட்ட வெற்று உலோக வில்லையையும் வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தி அடிக்கும் காசுக்கு நிலைத்துவிட்டது. அந்தக் காசு எதற்கும் ஆதாரமும் இல்லை, சான்றும் இல்லை. அச்சகத்தில் இதே சொல்லுக்கு மெய்ப்பு என்கிறோம், மெய்ப்புக் காசு என்றால் பிறப்பாவது ஒத்துப்போகும். ஆனால் இந்திய நாணயச்சாலைகள் விற்கும் பெட்டிகளையே புரூஃப் செட் என்றுதான் எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள், அதனால் புரூஃப் காசு என்றே எழுதலாம். இன்னொன்று, புரூஃப் என்பது அடிக்கும் முறை, தரம் கிடையாது. தரத்தைச் சொல்வது எண். 1949இல் அமெரிக்க நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் தொடக்க காலப் பெரிய செப்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலில்தான் இன்றைக்கும் புரூஃப் காசை 65, 66 என்று தரம் பிரிக்கிறார்கள்.

இப்போது டோனிங். கிரேக்கத்தில் இழுவிசையைக் குறித்த சொல், நரம்பின் ஒலிக்குப் போய், அங்கிருந்து நிறத்தின் சாயலுக்கு வந்தது. சேகரிப்பில் அதன் பொருள், காலப்போக்கில் காசின் மேற்பரப்பில் தானாக உண்டாகும் நிறமாற்றம். செம்பு காற்றோடும் கந்தகத்தோடும் வினைபுரிந்து மிக மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. அதன் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதால், ஈரத் தார்ச்சாலையில் சிந்திய எண்ணெயில் தெரிவதுபோல, படலத்தின் தடிமனைப் பொறுத்து நிறம் மாறும். 1909 முதல் 1916 வரை பிலடெல்பியாவில் அடித்த லிங்கன் சென்ட்டின் மேட், அதாவது பளபளப்பில்லாத, புரூஃப் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய அச்சில் அடித்தவை அவை. நாணயச்சாலை அவற்றைச் சுற்றிக் கொடுத்த மெல்லிய தாளில் கந்தகம் இருந்தது. அந்தத் தாளுக்குள் பல வருஷம் கிடந்த காசை நேராகப் பார்த்தால் வெறும் பழுப்பு. விளக்கடியில் கொஞ்சம் சாய்த்தால் லிங்கனின் தோளுக்குப் பின்னால் நீலம் ஓடும், இன்னும் சாய்த்தால் ஓரத்தில் கருஞ்சிவப்பும் ஊதாவும் எழும். யாரும் தூரிகை எடுக்கவில்லை.

இதைப் போய் வண்ணமூட்டப்பட்ட என்றால் என்ன பொருள்? ஊட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒரு ஆள் உட்கார்ந்து நிறம் வைத்தால் அந்தக் காசைச் சேகரிப்பவர் தொடமாட்டார். சூடுகாட்டியும் கந்தகத்தைக் காட்டியும் நீலமும் ஊதாவும் வரவழைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள், தரம் பார்க்கும் நிறுவனங்கள் அந்தக் காசுக்கு எண் கொடுக்க மறுக்கின்றன. போதாததற்கு, இப்போது பல நாட்டு நாணயச்சாலைகள் காசின் மேல் உண்மையாகவே வண்ணப் படம் பதித்து விற்கின்றன. வண்ணமூட்டிய நாணயம் என்ற சொல் அவற்றுக்குத்தான் உரியது. ஒரே சொல்லை மூன்றுக்கும் போட்டுவிட்டு, முன்னால் இயற்கையாக என்று ஒட்டினால் சரியாகிவிடுமா? இயற்கையாக ஊட்டப்பட்டது என்பது தன்னையே மறுக்கும் தொடர்.

இன்னொரு கட்சி களிம்பு என்கிறது. நல்ல தமிழ்ச்சொல், பழைய சொல், ஆனால் இந்த இடத்துக்கு ஆகாது. களிம்பு செம்பின் குற்றம். ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். களிம்பு என்றதும் நம் கை புளியைத் தேடுகிறது, புளி போட்டுத் தேய்த்த காசுக்குச் சேகரிப்பில் மதிப்பே கிடையாது. பச்சையாகப் பூத்து உலோகத்தை அரிக்கிறதே, அதற்குக் களிம்பு என்ற பெயரை வைத்துக்கொள்வோம், அதற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. துரு என்பவர்களுக்குப் பதில் சுருக்கம்: துரு இரும்புக்கு.

சரி, தமிழில் என்ன சொல்வது? நிறமேறுதல். துருவேறிய ஆணி, களிம்பேறிய குடம் என்றெல்லாம் சொல்கிற வாய்க்கு நிறமேறிய காசு என்பது புதிதாகவே இருக்காது. அதைவிட முக்கியம், ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. தானாக வந்தது நிறமேறிய காசு, ஒருவர் வரவழைத்தது நிறமேற்றிய காசு. ஆங்கிலத்தில் இயற்கை, செயற்கை என்று அடைமொழி போட்டுப் பிரிக்க வேண்டியதை, தமிழ் ஒரு றகரத்தை இரட்டித்தே பிரித்துவிடுகிறது. இந்த வேறுபாட்டில்தான் ஒரு காசின் விலையே நிற்கிறது. நிறமேற்றம் என்ற பெயர்ச்சொல்லை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். விலையேற்றம் தானாக ஏறுவதுதானே என்று வாதிடலாம், நியாயம்தான், ஆனால் இரண்டு பக்கமும் இழுபடும் சொல் இங்கே உதவாது.

இதில் எனக்குக் கோபம் வருவது அந்தப் 'பட்ட' மேல்தான். உருவாக்கப்பட்ட, நிறுவப்பட்ட, மேம்படுத்தப்பட்ட என்று எதை எடுத்தாலும் ஒட்டிவிடுகிறார்கள். மூலத்தில் செயப்பாட்டுவினை மாதிரி எது தெரிந்தாலும் கை தானாகப் பட்ட போடுகிறது. தானாக நிகழ்வதைச் சொல்ல மாறிய, வளர்ந்த, பழுத்த, கனிந்த, ஏறிய என்று இத்தனை வினைகளை வைத்திருக்கும் மொழியில், மொழிபெயர்ப்பவர் ஒரு நிமிஷம் நின்று இதை யார் செய்தார் என்று கேட்டுக்கொண்டால் பாதிப் பிழை குறையும். அகராதியைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

அப்புறம், நிறத்துக்கான மூன்று வகைப் பெயர்கள். புதுச் செம்பின் நிறம் ஏறக்குறைய முழுதாக நிற்பது சிவப்பு, பாதியும் மீதியுமாக நிற்பது செம்பழுப்பு, அநேகமாக எல்லாம் போனது பழுப்பு. பழுப்பு என்றாலே விலை குறைவு என்று எழுதுவதையும் பார்க்கிறேன். பொதுவாகச் சிவப்புக்குத்தான் விலை அதிகம், ஆனால் நீலமும் ஊதாவும் நன்றாக எழுந்த பழுப்புப் புரூஃப் காசுக்கும் தேடி வருகிற ஆட்கள் உண்டு. ஆகவே பட்டியலில் "1912 லிங்கன் சென்ட், மேட் புரூஃப் 66, பழுப்பு, நிறமேறியது" என்று போட்டால் போதும். தானாக ஏறியதா, யாராவது ஏற்றியதா என்று முடிவு சொல்ல முடியாத காசுகளும் வரும், அவற்றுக்கு "நிறம் ஐயத்துக்குரியது" என்று எழுதிவிடலாம்.